டயோப்டேஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, லேபிளில் "சுமெப்" என்று இருக்கிறது. நம்பலாமா?

கார்த்தி_கரூர்

வணக்கம். இதுவரை நான் சேர்த்ததெல்லாம் தக்காணத்துச் சரக்குதான்: ஜல்கான் ஸ்டில்பைட், நாசிக் அபோபிலைட், வாகோலியிலிருந்து ஒரு கவன்சைட். ஆப்பிரிக்கக் கனிமங்கள் மேல் ரொம்ப நாளாக ஆசை உண்டு. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தது குறைவு.

வெளிநாட்டுச் சேகரிப்பு ஒன்றை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கிற டீலர் ஒருவர் டயோப்டேஸ் (பச்சை நிறச் செம்புக் கனிமம்) ஒன்றைக் காட்டினார். உள்ளங்கை அளவு. வெள்ளைப் பாறை மேல் நல்ல கரும்பச்சைப் படிகங்கள். பெரிய படிகம் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், முனை உடையவில்லை. அடிப்பக்கம் ஓரமாக நீலத்தில் பட்டுப்போல ஒரு படிவு. லேபிளில் "டயோப்டேஸ், சுமெப், ஆப்பிரிக்கா" என்று மட்டும் டைப் அடித்திருக்கிறது. எண் இல்லை, பழைய சொந்தக்காரர் பெயர் இல்லை. விலை 42 ஆயிரம் சொல்கிறார்.

சுமெப் நமீபியாவின் பேர்போன பழைய சுரங்கம், அந்த ஊர்க் கல் என்றால் விலை கூடத்தான் இருக்கும் என்று தெரியும். ஆனால் இது சுமெப்தானா? பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மணிவண்ணன்_நிலவியல்

தம்பி, இப்போதைக்குப் பணம் அனுப்ப வேண்டாம். படத்தை மட்டும் வைத்து இந்த ஊர்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எந்த ஊராக இருக்க வாய்ப்பு குறைவு என்று ஓரளவு சொல்லலாம்.

சந்தையில் கிடைக்கும் டயோப்டேஸ் பெரும்பாலும் சில இடங்களிலிருந்துதான் வருகிறது. கஜகஸ்தானின் அல்டின்தியூபே, அங்கேதான் இதை முதலில் மரகதம் என்று நினைத்தார்கள். காங்கோ பிரசாவில் பக்கம் ரெனேவில், மிந்தூலி. காங்கோ கின்ஷாசாவின் கட்டாங்கா. அப்புறம் நமீபியாவில் இரண்டு: ஒன்று சுமெப், இன்னொன்று வடமேற்கு மூலையில் இருக்கிற கவோகோவெல்ட். நமீபியாவிலிருந்து இன்று புதிதாக வருகிற டயோப்டேஸில் பெரும்பங்கு கவோகோவெல்டுடையது. "நமீபியா" என்று எழுதி வந்த கல் இரண்டு கை மாறினால் "சுமெப்" ஆகிவிடுவது இந்த வியாபாரத்தில் வழக்கமாக நடப்பது.

கல்லின் நிறத்தை விடுங்கள், அது உட்கார்ந்திருக்கிற தாய்ப்பாறையைப் பாருங்கள். சுமெப்பின் தாது டோலமைட்டுக்குள் இருக்கிறது. அதனால் அந்த ஊர் டயோப்டேஸ் பெரும்பாலும் கால்சைட், டோலமைட் மேல் இருக்கும். கூடவே செருசைட், டஃப்டைட், மிமெடைட் என்று ஈயக் கனிமம் ஏதாவது தலைகாட்டும். கவோகோவெல்டில் குவார்ட்ஸ் அதிகம், கூட்டாளிகள் ஷட்டுகைட்டும் கிரிசோகொல்லாவும், இரண்டும் நீலம், நீலப்பச்சையில் வருகிற செம்புக் கனிமங்கள். நீங்கள் சொன்ன நீலப் படிவு பட்டு மாதிரி நார்நாராக மினுங்கினால் ஷட்டுகைட் என்று சந்தேகப்படுவேன். இதெல்லாம் தடயம்தான், தீர்ப்பு இல்லை. கவோகோவெல்டிலும் கால்சைட் வரும்.

டீலரிடம் இரண்டு வீடியோ கேளுங்கள். ஒன்று, அடிப்பக்கப் பாறையின் ஒரு மூலையால் சாதாரணக் கண்ணாடித் துண்டில் அழுத்தி ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கால்சைட் கீறாது. இன்னொன்று, அதே மூலையில் கொஞ்சம் சுரண்டி, விழுந்த பொடியைத் தனியாக எடுத்து வைத்து அதில் வினிகர் ஒரு சொட்டு. கால்சைட் என்றால் நுரைக்கும். வினிகர் டயோப்டேஸ் பக்கம் போகவே கூடாது. அது செம்புச் சிலிகேட், அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும்.

தினேஷ்_கோவை

ஒரு கேள்வி. கல் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். சுமெப் என்றால் 42, கவோகோவெல்ட் என்றால் அதில் பாதிகூட இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அலமாரியில் வைத்துப் பார்க்கப் போவது கல்லையா, லேபிளையா? கண்ணுக்குப் பிடித்திருந்தால் பிடித்த விலைக்கு வாங்க வேண்டியதுதானே.

மலர்விழி_கனிமம்

தினேஷ், உங்கள் கேள்வி நியாயமானது. எல்லாருக்கும் முதலில் வருவதும் அதுதான். பதில் கொஞ்சம் நீளும்.

சுமெப் நமீபியாவின் வடக்கே, ஓட்டாவி மலைப்பகுதியில் இருக்கிறது. தாதுத் திரள் அகலமாகப் படுத்துக் கிடக்காமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறது. செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கெட்டியாக இருக்கின்றன. அவற்றோடு ஆர்சனிக், வெள்ளி, காட்மியம், ஜெர்மானியம், காலியம் என்று வேறெங்கும் இப்படி ஒரே இடத்தில் கூடாத தனிமங்களும் உண்டு. அந்தப் பகுதி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே அங்கே செம்பு எடுத்து வந்தார்கள். 1893 ஜனவரியில் மாத்யூ ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர் போனபோது செம்புக் கனிமங்களால் பச்சையாகவே நின்ற ஒரு குன்றைப் பார்த்தார். 1900ல் ஜெர்மன் கம்பெனி ஒன்று தொடங்கி, 1906ல் ஸ்வாகோப்முண்டிலிருந்து ரயில் பாதை போட்டு, பெரிய அளவில் வெட்டத் தொடங்கினார்கள்.

இப்போது முக்கியமான இடம். எந்த உலோகத் தாதுவிலும் மேலே கொஞ்ச ஆழம்வரைதான் காற்றும் மழைநீரும் போய் சல்பைடுகளை (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்களை) மாற்றும். அசுரைட், மாலகைட், டயோப்டேஸ் எல்லாம் அந்த மேலடுக்கில் பிறப்பவை. அதற்குக் கீழே போனால் மங்கிய சாம்பல் நிறச் சல்பைடுதான், சேகரிப்பவர்களுக்கு அவ்வளவாக வேலை இருக்காது. சுமெப்பில் அப்படி இல்லை. மேலடுக்கு முடிந்து சல்பைடு வந்து, அப்புறம் பல நூறு மீட்டர் ஆழத்தில் மறுபடி ஒரு ஆக்சிஜனேற்ற அடுக்கு, அதாவது மேலடுக்கு மாதிரியே மாறிய அடுக்கு, வந்தது. டோலமைட்டில் இருந்த பிளவுபட்ட பகுதி வழியாக நிலத்தடி நீர் அத்தனை ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் கீழே மூன்றாவதாகவும் ஒன்று. வெவ்வேறு ஆழம், வெவ்வேறு நீர், வெவ்வேறு வேதியியல். அதனால்தான் அந்த ஒரே சுரங்கத்தில் 300க்கும் மேற்பட்ட கனிம வகைகள் பதிவாகியிருக்கின்றன. சுமார் 70 வகைகளை உலகம் முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். ஜெர்மானைட், காலைட் இரண்டையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள்.

1996ல் பம்புகளை நிறுத்தினார்கள். ஆழத்து அடுக்குகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பின்னால் மேல்மட்டத்தில் கொஞ்ச காலம் வேலை நடந்தது, அவ்வளவுதான். இன்று கையில் இருக்கிற சுமெப் கற்கள் பெரும்பாலும் அந்தச் சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து மேலே வந்த தொழிலாளி சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்ததோ, பொறியாளர் யாராவது ஒதுக்கி வைத்ததோதான். நல்ல பழைய லேபிள்களில் சுரங்கத்தின் எந்த லெவலில் (ஆழ மட்டத்தில்) எடுத்தது என்றுகூட எழுதியிருக்கும். அந்த ஒரு வரி இருந்தால், இந்தக் கல் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கனிமங்களோடு பிறந்தது என்று இன்றும் பேச முடியும். அது இல்லாத கல் அழகான பச்சைக் கல், அவ்வளவே.

அதனால் லேபிளுக்கும் சேர்த்துத்தான் விலை. ஊர் பொய் என்றால் அந்தச் சுரங்கத்தின் பதிவையே கெடுக்கிறோம். எனக்கு இதில் சமரசம் கிடையாது.

தினேஷ்_கோவை

சரி அக்கா, அறிவியல் காரணம் புரிகிறது. ஆனால் கவோகோவெல்டை ஏன் இரண்டாம் தரமாகப் பார்க்க வேண்டும்? அதுவும் ஒரு ஊர்தானே.

மலர்விழி_கனிமம்

பார்க்கவே கூடாது. ஷட்டுகைட் நீலத்தின் மேல் டயோப்டேஸ் பச்சை நிற்கிற அந்தச் சேர்க்கைக்காகவே கவோகோவெல்ட் கற்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சுமெப் என்று எழுதி விற்கும்போது கவோகோவெல்டுக்குத்தான் முதல் அவமரியாதை.

நிஸார்_பேருவளை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மாணிக்க வியாபாரக் குடும்பம். எங்கட ஊரிலிருந்து கனக்கப் பேர் மடகாஸ்கர் போய் வருகிறார்கள். 1998ல் இலாகாகாவில் நீலக்கல் கிடைக்கத் தொடங்கினதும் சாச்சாவும் போனார். அங்கே கற்கள் பழைய ஆற்றுச் சரளையில் கிடக்கும். குழி தோண்டி, சரளையை மேலே ஏற்றி, ஆற்றில் சல்லடை போட்டு அலசுவார்கள். தண்ணீரில் உருண்டு வந்த கல் என்றபடியால் முனை எல்லாம் மழுங்கியிருக்கும். வெட்டுவதற்கு அது போதும். நீங்கள் தேடுகிற மாதிரித் தாய்ப்பாறையோடு அங்கே எதிர்பார்க்க ஏலாது.

சேகரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, தன்சானைட். தன்சானியாவின் மெரெலானியில் மட்டும்தான் வெட்டி எடுக்கிறார்கள். இயற்கையில் கனக்கக் கற்கள் பழுப்பு கலந்த நிறம்தான். 500, 600 டிகிரி சூட்டில் வைத்தால் நீல ஊதாவாக மாறும். நகைக்கு அது ஏற்றுக்கொண்ட முறை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் படிகத்தை அப்படியே சூடாக்கிவிட்டு "இயற்கை நிறம்" என்று சேகரிப்பவர்களிடம் விற்கிறதும் நடக்கிறது. சூடாக்காத படிகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பழுப்போ மஞ்சள் பச்சையோ தெரியும். சூடாக்கினதில் அந்த மூன்றாவது நிறம் பெரும்பாலும் போய்விடும். கிராஃபைட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற படிகங்களைப் பாருங்கள், அந்த ஊருக்கே உரிய அடையாளம் அது.

கார்த்தி_கரூர்

மணிவண்ணன் சார், டீலர் வீடியோ அனுப்பிவிட்டார். முகம் சுளிக்காமல் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். பாறை மூலை கண்ணாடியில் தெளிவாகக் கோடு போட்டது. கோட்டைத் துடைத்துக் காட்டச் சொன்னேன், போகவில்லை. வினிகர் விட்ட பொடி அப்படியே கிடந்தது, ஒரு குமிழிகூட இல்லை. நீலப் படிவைக் கிட்ட வைத்து எடுத்திருக்கிறார்: மெல்லிய ஊசிகள் ஒரு மையத்திலிருந்து விரிந்து சின்னச் சின்ன உருண்டையாக இருக்கின்றன, வெளிச்சம் திரும்பும்போது பட்டு மினுங்குகிறது. ஈயக் கனிமம் மாதிரி எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று. அதே சேகரிப்பில் கொல்வேசி ரோஸ் கால்சைட் ஒன்றும், பச்சை ஊசி ஊசியாக "குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட், முசோனோய்" ஒன்றும் இருக்கிறதாம். இரண்டு ஊரும் காங்கோவின் கட்டாங்காவில். மூன்றையும் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். இவை எப்படி?

மணிவண்ணன்_நிலவியல்

குவார்ட்ஸ், அதன் மேல் ஷட்டுகைட், ஈயம் இல்லை. என்னிடம் கேட்டால் கவோகோவெல்ட் என்றுதான் எழுதுவேன்.

செந்தில்_கிட்வே

கார்த்தி, அந்தப் பச்சை ஊசியை வாங்காதீர்கள். அது யுரேனியக் கனிமம். கதிர்வீச்சோடு ரேடான் வாயுவும் வரும், ஊசிகள் உடைந்தால் தூசி. இந்தியாவில் கதிரியக்கப் பொருள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. படுக்கையறை அலமாரியில் வைக்கிற சாமான் இல்லை.

நான் இருப்பது ஜாம்பியாவின் செம்புப் பட்டையில். கசும்பலேசா எல்லையைத் தாண்டினால் கட்டாங்கா. அதே செம்புப் பட்டைதான் அந்தப் பக்கமும் நீள்கிறது, அங்கே கோபால்ட்டும் யுரேனியமும் கூடுதல். ஹிரோஷிமாவில் போட்ட குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி அங்கே இருக்கிற ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. 1940ல் ஆயிரம் டன்னுக்கு மேல் உயர்தரத் தாதுவைச் சுரங்கக் கம்பெனியின் தலைவர் எட்கர் செஞ்சியர் முன்கூட்டியே நியூயார்க்குக்கு அனுப்பி வைத்திருந்தார். அந்தச் சுரங்கத்திலிருந்து உலகம் புதிதாக அறிந்த யுரேனியக் கனிமங்கள் ஏராளம், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பார்க்க அற்புதமாக இருக்கும். அவற்றை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், அது போதும்.

ரோஸ் கால்சைட் வேறு விஷயம். கால்சியம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் கோபால்ட் புகுந்துவிட்டால் அந்த நிறம் வரும். நல்ல கல்லில் ஆழமான ரோஜா நிறத்தில் படிகம் படிகமாக இருக்கும், பக்கத்தில் மாலகைட் இருந்தால் இன்னும் அழகு. பயம் வேண்டாம், ஆனால் சாயமா என்று மட்டும் பாருங்கள். படிகத்தின் உள்ளேயும் நிறம் இருக்க வேண்டும், விரிசலில் மட்டும் கூடுதலாகத் தேங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மலர்விழி_கனிமம்

செந்தில், ஒன்று கேட்க வேண்டும். உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் அந்தக் காங்கோவிலிருந்துதான் வருகிறது. கையால் தோண்டுகிற குழிகளில் மண் சரிந்து ஆட்கள் சாவதும், பிள்ளைகள் வேலை செய்வதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அங்கிருந்து வருகிற கல்லை வாங்குவது சரியா? நான் சில காலமாகப் புதிய கட்டாங்கா கற்களை வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

செந்தில்_கிட்வே

மலர்விழி, உங்கள் முடிவை நான் மதிக்கிறேன். இங்கே பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். குழி தோண்டப்படுவது நம் அலமாரிக்காக இல்லை, பேட்டரிக்காக. நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் குழி இருக்கும். தோண்டுகிறவர் நல்ல படிகம் ஒன்றைக் கண்டு உடைக்காமல் தனியே எடுத்து வைத்தால், சாக்கில் போட்டு எடைக்கு விற்பதைவிட அவருக்குக் கூடுதல் காசு. அப்படி எடுத்து வைக்காவிட்டால் அந்தப் படிகம் நொறுக்கு எந்திரத்துக்குப் போகும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், அந்தக் கூடுதல் காசில் எவ்வளவு தோண்டியவர் கைக்குப் போகிறது என்பது டீலரைப் பொறுத்தது. யாரிடம் வாங்கினீர்கள் என்று நான் கேட்பேன். பதில் சொல்கிறவரிடம் வாங்குவேன், மழுப்புகிறவரிடம் வாங்க மாட்டேன். நமீபியாவில் எரோங்கோ, ஸ்பிட்ஸ்கோப்பே பக்கம் போனால் தோண்டியவர்களே சாலையோரம் மேசை போட்டு ஷோர்ல் (கறுப்பு டூர்மலின்), குவார்ட்ஸ், புளோரைட், அதிர்ஷ்டம் இருந்தால் அக்வாமரின் விற்கிறார்கள். நேரில் அவர்களிடம் வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை. ஏற்றுமதி அனுமதிச் சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலர்விழி_கனிமம்

பேட்டரிக்குத் தோண்டுகிற குழி என்பதால் நம் பொறுப்பு குறைந்துவிடாது என்பது என் எண்ணம். ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

தினேஷ்_கோவை

இந்த இழையைப் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. குறைந்த செலவில் ஆப்பிரிக்காவில் தொடங்க வேண்டும் என்றால் எது? மொராக்கோ வனடினைட் எல்லா இடத்திலும் கண்ணில் படுகிறது. ஆனால் மொராக்கோவில் போலி அதிகம் என்றும் சொல்கிறார்கள்.

மணிவண்ணன்_நிலவியல்

வனடினைட் நல்ல தொடக்கம். மிடெல்ட் பக்கம் இருக்கிற மிப்லாடென் பழைய ஈயச் சுரங்கப் பகுதி. ஈயத்துக்காக வெட்டியது எப்போதோ நின்றுவிட்டது, இப்போது உள்ளூர்க்காரர்கள் படிகத்துக்காகவே தோண்டுகிறார்கள். அறுகோணச் சில்லுகளாக, சிவப்பு ஆரஞ்சில், வெள்ளை பாரைட் மேல் இருந்தால் பெரும்பாலும் மிப்லாடென். கருத்த மாங்கனீஸ் பாறை மேல் சிவப்பாக இருந்தால் தெற்கே தாவூஸ். கையில் எடுத்தால் அளவுக்கு மீறின கனம் தெரியும், ஈயக் கனிமம் அல்லவா. தொட்டபின் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம்.

போலியில் மூன்று வகை அடிக்கடி பார்க்கிறேன். உதிர்ந்த வனடினைட் படிகங்களைப் பாறையில் பசை போட்டு ஒட்டுவது. குவார்ட்ஸ் ஜியோடுக்குள் (உள்ளே படிகம் பதிந்த பொந்துக் கல்லுக்குள்) உடைத்த கலினா என்ற ஈயத் தாதுத் துண்டுகளை ஒட்டி "கலினா ஜியோட்" என்பது. வெள்ளை ஜியோடுக்கு ஊதாவும் பச்சையுமாகச் சாயம் ஏற்றுவது. ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு லூப் (கைக்கு அடக்கமான உருப்பெருக்கி) போதும்: படிகம் பாறையைத் தொடுகிற கோட்டைச் சுற்றிப் பாருங்கள். இயற்கையில் படிகம் பாறையிலிருந்து எழுந்து வரும், பக்கத்துப் படிகத்தோடு மோதி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டியதில் அந்தக் கோட்டில் பளபளப்பான விளிம்போ, மண் தூவி மறைத்த இடமோ, சின்னக் காற்றுக் குமிழியோ தெரியும். இருட்டில் யூவி டார்ச் அடித்தால் பல பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும். கால்சைட்டும் ஒளிரலாம், அதனால் ஒளிர்வது எந்த இடத்தில் என்று பாருங்கள்.

கார்த்தி_கரூர்

டீலரிடம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். குவார்ட்ஸ், ஷட்டுகைட், ஈயக் கனிமம் இல்லாதது, மூன்றையும் சொல்லி "சுமெப் விலைக்கு எடுக்க மாட்டேன், கவோகோவெல்ட் என்றால் எடுக்கிறேன்" என்றேன். சேகரிப்போடு வந்த பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் இந்தக் கல்லுக்கு நேரே "நமீபியா" என்று மட்டும்தான் இருக்கிறதாம். லேபிள் அடித்தவர் யாரோ சுமெப் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலின் படத்தையும் அனுப்பினார். பேசி 16 ஆயிரத்துக்கு முடித்தோம். ரோஸ் கால்சைட் எடுக்கவில்லை, யாரிடமிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பச்சை ஊசி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லேபிளில் என்ன எழுதுவது? பழைய லேபிளைக் கிழித்துவிடலாமா?

மலர்விழி_கனிமம்

கிழிக்கவே கிழிக்காதீர்கள். தப்பான லேபிளும் அந்தக் கல்லின் வரலாறுதான். அதைக் கவரில் போட்டுக் கல்லோடு வையுங்கள். புது லேபிளில் "டயோப்டேஸ், ஷட்டுகைட், குவார்ட்ஸ்; கவோகோவெல்ட், நமீபியா (தாய்ப்பாறையை வைத்து ஊகித்தது; பழைய லேபிளில் சுமெப், பட்டியலில் நமீபியா)" என்று எழுதுங்கள். ஊகம் என்பதை மறைக்காமல் எழுதினால் அடுத்து வைத்திருப்பவருக்கு எது உறுதி, எது இல்லை என்று தெரியும். கல்லின் அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் இந்திய மையில் ஒரு எண். அதே எண் லேபிளிலும், உங்கள் நோட்டிலும். பட்டியல் படத்தையும் அச்செடுத்துச் சேர்த்து வையுங்கள்.

டயோப்டேஸ் எளிதில் பிளக்கிற கல், மூன்று திசையில் பிளவு உண்டு. தண்ணீரில் அலசி பிரஷ் போட வேண்டாம், அல்ட்ராசோனிக் கிளீனரில் போடவே கூடாது. தூசியைக் காற்றடிக்கும் ரப்பர் பல்பால் ஊதினால் போதும். அனுப்பும்போது படிகங்கள் எதையும் தொடாதபடி பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். பஞ்சு வைக்க விடாதீர்கள், இழை படிகத்தில் மாட்டிக்கொண்டு இழுக்கும்போது முனை போகும்.

தினேஷ்_கோவை

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்கத்தில் என்ன என்று எழுதுவது?

செந்தில்_கிட்வே

சுங்க வரிப் பட்டியலில் கனிமவியல் சேகரிப்புப் பொருள்களுக்கு 9705 என்ற தலைப்பு இருக்கிறது. அனுப்புகிறவர் இன்வாய்ஸில் கனிமத்தின் பெயர், எடை, உண்மையான விலை, எந்த நாட்டில் கிடைத்தது எல்லாம் எழுத வேண்டும். "கற்கள்" என்று மட்டும் எழுதினால் ரத்தினக் கல் என்று நினைத்து நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வரி எவ்வளவு என்று வாங்கும் முன் சுங்க ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்தி, கல் கைக்கு வந்ததும் அந்த நீலப் படிவை லூப் வழியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பிளான்செயிட் என்று இன்னொரு நீலக் கனிமமும் அதே ஊரில் உண்டு, வெறும் கண்ணால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். தெரியும் வரை லேபிளில் ஷட்டுகைட் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.